நெல் அறுத்தாயிற்று, சோறு எங்கே?

முல்லைத்தீவுப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருந்ததை முதலில் சுருக்கிச் சொல்கிறேன். 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' என்ற கேமை எழுபது மணித்தியாலம் விளையாடியிருக்கிறார். இவ்வளவு நாளும் தன் கையால் நடத்திக்கொண்டு வந்த ஆர்தர் மோர்கன் செத்துப்போனதும் மனம் விட்டுப்போச்சு. அதற்குப் பிறகு வரும் பகுதியில் 'மாட்டுச் சாணம் அள்ளச் சொல்லுறாங்கள்' என்று கேமையே மூடிவிட்டாராம். அதற்கு முதல் 'கேம் ஒஃப் த்ரோன்ஸ்' தொலைக்காட்சித் தொடரின் எட்டு சீசனும் பார்த்துக் கடைசியில் இதே கதி. கூட்டாளியோ, 'உனக்குச் சோக முடிவைத் தாங்கேலாது, அவ்வளவுதான்' என்று நக்கலடிக்கிறாராம். பிழை முடிவிலா, என்னிலா என்று கேட்கிறார்.

அவர் உண்மையில் கேட்பது இன்னும் கொஞ்சம் ஆழமானது என்று நினைக்கிறேன். எழுபது மணித்தியாலமும் வீணா? காசு கொடுத்துப் பார்த்தவன், யாரோ எழுதிய கதையின் முடிவைப் பார்த்துக் கோபப்பட நியாயம் இருக்கிறதா? இந்த இரண்டுக்கும்தான் பதில் எழுதப் பார்க்கிறேன். முடிவுகளைச் சொல்லாமல் முடிவுகளைப் பற்றி எழுத முடியாது. மேலே சொன்னவற்றை இன்னும் பார்க்காதவர்கள் இதோடு நிற்பாட்டுங்கள்.

நான் கிளிநொச்சியில் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறேன். இடம்பெயர்ந்து மரத்துக்குக் கீழே வகுப்பெடுத்த காலத்தையும் சேர்த்தால் இருபத்தைந்து வருடத்துக்கு மேல். கூத்து, பள்ளிக்கூட நாடகம் இரண்டிலும் கைவைத்திருக்கிறேன். கேம் விளையாட எனக்கு வராது, விரல் ஓடாது. அக்காவின் மகன் விளையாட, பக்கத்தில் பாய் போட்டுப் படுத்துக்கிடந்து பார்த்தவன் நான். அதனால் கேமைப் பற்றிச் சொல்வதைப் பக்கத்துப் பாயிலிருந்து சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கூட்டாளியின் கட்சி. சோகமாக முடிந்தால் சனத்துக்குப் பிடிக்காது என்பது வன்னியில் ஒரு கூத்து பார்த்தவன் சொல்லக்கூடிய பேச்சில்லை. காத்தவராயன் கூத்துக்கு வருகிற எல்லாருக்கும் அவன் கழுமரம் ஏறப்போகிறான் என்பது முதல் பாட்டுக்கு முன்பே தெரியும். விடியப்புறம் நித்திரையாய்க் கிடக்கும் பிள்ளையைத் தாய் தட்டி எழுப்புவதே 'எழும்பு, கழுவேறப் போறான்' என்றுதான். தெரிந்த முடிவு, துயரமான முடிவு, அதைப் பார்க்கத்தான் பனியில் சாக்கு விரித்து இருக்கிறார்கள். ஆனால் கூட்டாளி சொல்வதில் கொஞ்சம் உண்மையும் உண்டு, அதை மறைக்கக்கூடாது. சேக்ஸ்பியரின் 'லியர் அரசன்' முடிவைத் தாங்கமாட்டாமல் 1681-ல் நாகும் டேற் என்பவர் அதைத் திருத்தி எழுதினார். லியரின் மகள் கோர்டீலியா சாகவில்லை, எட்கருக்கும் அவளுக்கும் காதல் கைகூடுகிறது. ஏறக்குறைய 150 வருடம் இங்கிலாந்து மேடைகளில் ஓடியது இந்தத் திருத்திய லியர்தான். 1838-ல் மக்ரெடி என்ற நடிகர் பழைய முடிவைத் திரும்பக் கொண்டுவந்தார். சுபம் போடச் சொல்லிக் கேட்கிற ஆசை மனிதருக்கு எப்போதும் இருக்கிறது. இன்றைக்கு டேற்றின் லியரை விரும்பி மேடையேற்ற ஆள் தேடவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

சரி, சோகம் இல்லை என்றால் வேறென்ன? எனக்கு இதில் கைகொடுத்தது அடியார்க்குநல்லார். சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதும்போது நாடகத்துக்கு ஐந்து சந்தி, அதாவது கதை வளர்கிற ஐந்து கட்டம், உண்டு என்று சொல்லி, ஐந்தையும் பயிர்ச்செய்கையை வைத்து விளக்குகிறார். உழுது பண்படுத்திய மண்ணில் போட்ட விதை முளைப்பது முகம். முளை இலைவிட்டு நாற்றாவது பிரதிமுகம். பயிர் தனக்குள் கருவைப் பொதிந்து நிற்பது கருப்பம், எங்கள் சனம் குடலைப் பருவம் என்கிற கட்டம். கதிர் வெளியே வந்து முற்றித் தலைசாய்வது விளைவு. பெரும்பாலானவர்கள் இதோடு கதை முடிந்தது என்று நினைப்பார்கள். அவர் நினைக்கவில்லை. அறுத்து, போர் வைத்து, தூற்றி, பொலியாக்கி, கொண்டுபோய் உண்டு மகிழ்வது என்று ஐந்தாவதாக ஒன்று வைக்கிறார். அதற்குப் பெயர் துய்த்தல்.

இரணைமடுவுக்குக் கீழே காலபோகம் செய்கிற ஒருவரிடம் தை மாதம் போய், 'கதிர் நல்லா விளைஞ்சிட்டுது, கதை முடிஞ்சுது, வீட்டை போங்கோ' என்று சொல்லிப் பாருங்கள். என்ன பேச்சு விழும் என்பது உங்களுக்கே தெரியும். அவர் ஐப்பசியிலிருந்து காணிக்குள் நின்றது தலைசாய்ந்த கதிரைப் பார்ப்பதற்கு மட்டுமில்லை. மெசின் வரவேண்டும், மூட்டை கட்டவேண்டும், புதிரெடுக்கவேண்டும், அந்தப் புது அரிசிச் சோற்றைப் பிள்ளைகளோடு இருந்து தின்னவேண்டும். நெல் பதராய்ப் போனால் கவலைப்படுவார். நெல் விளைந்தும் தின்ன விடாவிட்டால்தான் கோபப்படுவார். தம்பி, உங்கள் கோபம் இந்த இரண்டாவது வகை. (எங்கள் பேச்சில் படத்தின் முடிவையே 'கிளைமாக்ஸ்' என்கிறோம், கவனித்தீர்களா? அந்தச் சொல் குறிப்பது விளைவை. துய்த்தலுக்குத் தமிழ் சினிமா வைத்திருந்த ஒரே இடம் 'சுபம்' என்று எழுத்து விழுகிற மூன்று விநாடி. இப்போது அதுவும் இல்லை.)

கேம் ஒஃப் த்ரோன்ஸை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். 2011-ல் தொடங்கியது. முதல் ஆறு சீசனிலும் பத்துப் பத்து எபிசோட். ஏழாவதில் ஏழு. 2019-ல் வந்த எட்டாவதில் ஆறே ஆறு. மூல நாவல் வரிசையில் ஐந்தாவது புத்தகம் 2011-ல் வந்தது, ஆறாவது வராமலே தொடர் முடிந்துவிட்டது. அதாவது பாதி வழியில் மூலக்கதை தீர்ந்துபோய், போகிற வேகமும் கூடிவிட்டது. கடைசிக்கு முந்தின எபிசோட்டில், கிங்ஸ் லாண்டிங் என்ற தலைநகரம் மணியடித்துச் சரணடைந்த பிறகும், அரியணை கேட்டு வந்த டெனேரிஸ் டிராகனில் இருந்து ஊரைக் கொளுத்துகிறாள். அடுத்த எபிசோட்டில் அவளுடைய காதலன் ஜோன் அவளைக் குத்துகிறான், பெரிய மனிதர்கள் வட்டமாக இருந்து பிரானை அரசனாக்குகிறார்கள், வணக்கம். கடைசி சீசனைத் திரும்ப எடுக்கச் சொல்லிப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இணையத்தில் ஒப்பமிட்டார்கள்.

எங்கள் கதையிலும் ஒரு பெண் நகரத்தைக் கொளுத்துகிறாள். எத்தனையோ நூற்றாண்டாய்க் கொளுத்துகிறாள், ஒருவரும் திருத்தி எழுதச் சொல்லவில்லை. ஏன்? சிலம்பு வருகிறது, அது பொற்கொல்லன் கைக்குப் போகிறது, கோவலன் வெட்டுப்படுகிறான், சிலம்பு சபையில் உடைகிறது, உள்ளிருந்து மாணிக்கம் தெறிக்கிறது, முத்து என்று நினைத்திருந்த பாண்டியன் அதைப் பார்த்த இடத்திலேயே விழுந்து சாகிறான். ஒவ்வொரு கட்டமும் கண்முன்னால் வளர்கிறது. கொளுத்தும்போதுகூட அவள் அறவோரையும் பத்தினிகளையும் பசுவையும் முதியவரையும் குழந்தைகளையும் விட்டுவிடச் சொல்லித்தான் தீயை ஏவுகிறாள். டெனேரிஸுக்கு விதை போட்டிருந்தார்கள், இல்லையென்று சொல்லமாட்டேன். முதல் சீசன்களிலேயே அந்தக் கொடூரத்தின் நாற்று தெரிந்தது. ஆனால் குடலைப் பருவம் நடக்கவில்லை. நாற்றை நட்ட அடுத்த கிழமை கதிரைக் காட்டினால் அது பிளாஸ்டிக் கதிரோ என்று சந்தேகம் வரத்தான் செய்யும்.

கண்ணகி கதையில் எரித்ததோடு முடியவில்லை என்பதுதான் இன்னும் முக்கியம். இளங்கோவின் கதையில் அவள் சேரநாட்டு மலைக்குப் போகிறாள். எங்கள் சனத்துக்கு அது போதவில்லை. கோபம் தீராமல் கடல் கடந்து ஈழத்துக்கு வந்தாள், ஒவ்வொரு இடமாகத் தங்கிக் கடைசியாகப் பத்தாவது பளையில் ஆறினாள், அதுதான் வற்றாப்பளை என்கிறார்கள். பெயர் அப்படித்தான் வந்ததா என்று சொல்லாராய்ச்சிக்காரர் வாதாடலாம், எனக்கு அது இப்போது தேவையில்லை. நந்திக்கடல் ஓரத்தில் மாடு மேய்த்த பெடியளிடம் ஒரு கிழவி வந்து பசிக்கிறது என்கிறாள். அவர்கள் பொங்கிக் கொடுக்கிறார்கள். விளக்கேற்ற எண்ணெய் இல்லை என்றபோது கடல்நீரை எடுத்து ஊற்றச் சொல்கிறாள், எரிகிறது. தலையில் பேன் பார்க்கச் சொல்கிறாள். ஒருவன் மயிரை விலக்கிப் பார்த்தால் தலை முழுக்கக் கண். பிறகு ஆளைக் காணவில்லை. இன்றைக்கும் வைகாசிப் பொங்கலுக்கு அங்கே கடல்நீரில் விளக்கு எரிக்கிறார்கள். மட்டக்களப்புப் பக்கம் இதையே குளிர்த்தி என்று பாடி அவளைக் குளிரப்பண்ணுகிறார்கள். ஊரை எரித்த ஒருத்திக்கு யாரோ சோறு பொங்கிக் கொடுத்து, பேன் பார்த்து, தலையைத் தடவி ஆற்றவேண்டியிருக்கிறது. அதுவரை பார்த்தவனுக்கும் ஆறாது. கிங்ஸ் லாண்டிங் எரிந்த பிறகு யாரும் யாருக்கும் பொங்கவில்லை.

இது எனக்குப் புத்தகத்தால் மட்டும் தெரிந்த விஷயமில்லை. பல வருடத்துக்கு முன் ஒரு பள்ளிக்கூடத்தில், ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற வன்னித் தலைவன் பண்டாரவன்னியனின் நாடகம் பழக்கினேன். கற்சிலைமடுவில் 1803 ஒக்ரோபர் 31 அன்று ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் டிறிபேர்க் அவனைத் தோற்கடித்ததாகக் கல் இருக்கிறது. தோற்கடித்தான் என்பதுதான் கல்லில் உள்ளது. அவன் எப்போது, எப்படி இறந்தான் என்பதில் ஊருக்கு ஊர் கதை வேறுபடும். பள்ளிக்கூட நாடகங்களில் வழக்கமாக அங்கேயே சாகடித்துவிடுவோம், வசதி. நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன்: வெடிச்சத்தம், நாயகன் விழுகிறான், பின்னாலிருந்து ஒரு குரல் வீரவசனம் சொல்கிறது, திரை. பண்டாரவன்னியனாக நடித்த பெடியன், பதினாறு வயது, ஒத்திகையில் வெடிச்சத்தம் கேட்டும் விழாமல் நின்றான். 'விழடா' என்றேன். 'ரெண்டு மாசம் வாள் பழகினனான் சேர். சும்மா சாகேலாது' என்றான். எனக்குக் கோபம் வந்தது. வாளை வாங்கி மூலையில் சாத்திவிட்டு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

இரவு யோசித்தால் அவன் சாகமாட்டேன் என்று சொல்லவேயில்லை. 'சும்மா' சாகமாட்டேன் என்றான். அடுத்தநாள் முடிவை மாற்றினோம். அவன் விழுந்த பிறகு குரல் இல்லை. கூட நின்ற ஏழு பேரும் ஒவ்வொருவராக வந்து தங்கள் ஆயுதத்தை அவனுக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். கடைசியாக வருகிற சின்னப் பெடியன், வில்லை வைக்க மனமில்லாமல், எடுத்துக்கொண்டு ஓடுகிறான். மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. அதற்குள் அழுகிற ஆட்கள் அழுது, மூக்குச் சீறி, எழும்பிப் போகத் தயாராகிவிட்டார்கள். அந்தப் பெடியனும் சொன்ன நேரத்துக்கு ஒழுங்காகச் செத்தான்.

கேமுக்கும் படத்துக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. படத்தில் நீங்கள் சாக்கில் இருந்து பார்க்கிறவர். கேமில் நீங்கள் வாள் பழகினவர். அதனால் முடிவு பிழைத்தால் இரட்டை அடி. 'மாஸ் இஃபெக்ட்' என்ற மூன்று கேம் வரிசையில் இது பெரிய சண்டையாகவே வந்தது. 2007-ல் முதலாவது, 2010-ல் இரண்டாவது, 2012 மார்ச்சில் மூன்றாவது. ஒன்றில் யாரைக் காப்பாற்றினீர்கள், யாரைக் கைவிட்டீர்கள் என்பது அடுத்ததற்குள்ளும் வந்தது. ஐந்து வருடம் இப்படி முடிவெடுத்து வந்தவனுக்குக் கடைசியில் மூன்று தெரிவு கொடுத்தார்கள். எதைத் தெரிவுசெய்தாலும் பெரும்பாலும் ஒரே காட்சி, வெளிச்சத்தின் நிறம்தான் வேறு: சிவப்பு, நீலம், பச்சை. ரசிகர்கள் காசு சேர்த்து கேமைச் செய்த நிறுவனத்துக்கு நூற்றுக்கணக்கில் சின்னக் கேக்குகள் அனுப்பினார்கள். மேலே மூன்று நிறக் கிறீம், உள்ளே எல்லாம் ஒரே சுவை. இதைவிட நல்ல விமர்சனம் நான் வாசித்ததில்லை.

அந்த நிறுவனம் அதே வருடம் ஜூனில் விரிவாக்கிய முடிவு ஒன்றை இலவசமாக வெளியிட்டது. கவனியுங்கள், முடிவை மாற்றவில்லை. மூன்று நிறமும் அப்படியே இருந்தன. அதற்குப் பிறகு ஊர்கள் என்னவாயின, கூட நின்றவர்கள் என்னவானார்கள் என்று காட்டினார்கள். கோபம் முழுக்க அடங்கியதென்று சொல்லமுடியாது, ஆனால் நிறையப் பேருக்கு அது போதுமாக இருந்தது. விளைவைத் தொடாமல் துய்த்தலை மட்டும் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள் என்று நான் வகுப்பில் சொல்வேன். பிள்ளைகள் சிரிப்பார்கள், அடியார்க்குநல்லாருக்குக் கேம் தெரியுமோ சேர் என்று.

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்றால், கெட்ட எண்ணத்தால் இல்லை, கணக்கால். ஆம் இல்லை என்று பத்துத் தீர்மானம் வைத்தாலே 1,024 பாதை வரும். அத்தனைக்கும் தனித்தனி முடிவு செய்ய எவனிடமும் காசில்லை, ஆகவே கிளைகளை எல்லாம் கடைசியில் இரண்டு மூன்றாகக் கட்டிவிடுகிறார்கள். அதோடு, நீண்ட கதைக் கேம்களை வாங்குகிற பலர் கடைசி வரை போவதேயில்லை. முதல் இரண்டு மணித்தியாலத்தை எல்லாரும் பார்ப்பார்கள், கடைசி இரண்டை அடம்பிடிப்பவர்கள்தான் பார்ப்பார்கள். நீங்களே முதலாளி என்றால் பணத்தை எங்கே கொட்டுவீர்கள்? தொலைக்காட்சியில் வேறு கணக்கு. எத்தனை சீசன் ஓடும் என்று தெரியாமல் எழுதத் தொடங்குகிறார்கள், ஓடுகிற வரை 'தொடரும்' போடுவதுதான் தொழில். எங்கள் வீடுகளில் பின்னேரத்தில் ஓடும் இந்தியத் தொடர்களைப் பாருங்கள். ஆயிரம் எபிசோட் விஷம் வைத்த மாமியார், நேரத்தை வேறு தொடருக்குக் கொடுக்கவேண்டும் என்று வந்ததும் ஒரே வெள்ளிக்கிழமையில் திருந்திக் காலில் விழுகிறார். என் அம்மா அதற்குக் கோபிப்பதில்லை. 'அவங்களுக்கும் நேரமில்லைப் போல' என்று சொல்லிவிட்டு அடுத்ததைப் பார்க்கத் தொடங்குவார். அவர் அந்த வயலில் சோறு எதிர்பார்த்து இறங்கியவர் இல்லை.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகம் குறைவு. இனிச் சொல்வதில் அதிகம்.

எழுபது மணித்தியாலமும் வீணா என்பது. மனம் ஒரு அனுபவத்தை நினைவில் வைக்கும்போது அதன் உச்சத்தையும் கடைசியையும் பிடித்துக்கொள்கிறது, எவ்வளவு நேரம் நீண்டது என்பதைப் பெரிதாகக் கணக்கெடுப்பதில்லை என்று உளவியலாளர் டானியல் கானமானும் கூட வேலை செய்தவர்களும் காட்டினார்கள். 1993-ல் வந்த ஒரு பரிசோதனையில் ஆட்களின் கையை 14 பாகை குளிர்நீரில் 60 விநாடி வைக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை அதே 60 விநாடியோடு மேலும் 30 விநாடி, ஆனால் அந்தக் கடைசி 30-ல் தண்ணீரை ஒரு பாகை அளவு சூடாக்கினார்கள். எதைத் திரும்பச் செய்வீர்கள் என்று கேட்டால் அதிகம் பேர் நீண்டதையே தெரிவுசெய்தார்கள். மொத்த வேதனை அதிகம், முடிவு கொஞ்சம் இதம், அது போதும். ஆகவே கெட்ட முடிவு நல்ல அனுபவத்தின் நினைவைக் கெடுக்கும் என்பது நம்பக்கூடியது. ஆனால் ஒன்றரை நிமிடக் குளிர்நீரை வைத்து எட்டு வருடத் தொடரை அளக்கலாமா? நான் அளக்கத் துணியமாட்டேன்.

எனக்கு அதற்கு எதிரான அனுபவமும் உண்டு. தொண்ணூறுகளின் நடுவில் வன்னிக்குள் கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய் தடைக்குள்ளால் வருகிற பொருள். ஒரு கலியாண வீட்டில் ரிவி, டெக், ஜெனரேற்றர் மூன்றையும் வாடகைக்கு எடுத்துப் படம் போட்டார்கள். மூன்றாவது படத்தில், வில்லன் வீட்டுக் கதவை நாயகன் உதைத்துத் திறக்கிற இடத்தில், ஜெனரேற்றர் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. இருட்டு. போத்தலைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார்கள், ஒரு சொட்டும் இல்லை. சனம் எழும்பவில்லை. அப்போது படத்தை ஏற்கெனவே யாழ்ப்பாணத்தில் பார்த்ததாகச் சொன்ன ஒரு அண்ணை, இருட்டுக்குள் நின்று மிச்சத்தைச் சொன்னார். யார் யாரை அடித்தது, தாய் எப்படி ஓடிவந்தாள், கடைசியில் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு எந்த ரோட்டால் நடந்து போனார்கள் என்று அரை மணித்தியாலம். பன்னிரண்டு வருடம் கழித்து அந்தப் படத்தை முழுசாகப் பார்த்தேன். நாயகன் சுடுகிறான், பொலிஸ் வருகிறது, முடிந்தது. தாயும் இல்லை, ரோட்டும் இல்லை. அண்ணை படத்தைப் பார்த்தவரே இல்லை என்று இப்போது நினைக்கிறேன். எனக்கு அந்தப் படம் இன்றைக்கும் நல்ல படம்தான். கடைசி இல்லாமலே மிச்சம் நின்றுவிட்டது, அல்லது அண்ணையின் கடைசியோடு நின்றுவிட்டது. எது என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

'அப்படியானால் வேண்டுமென்றே முடிக்காமல் விடுகிற கதைகள்?' என்று யாராவது கேட்பீர்கள். 'த சொப்ரானோஸ்' தொடர் 2007 ஜூன் 10-ல் முடிந்தபோது, சாப்பாட்டுக் கடைக் கதவு மணி ஒலிக்க, நாயகன் நிமிர்ந்து பார்க்க, திரை கறுப்பாகியது. கேபிள் அறுந்துபோச்சு என்று நினைத்தவர்கள் நிறைய. எங்கள் ஜெனரேற்றர் அனுபவத்தை அமெரிக்கா முழுக்கக் கொடுத்திருக்கிறார்கள். படித்தவர்கள் அதைக் கொண்டாடுகிறார்கள், நானும் வகுப்பில் கொண்டாடியிருக்கிறேன். இப்போது அவ்வளவு உறுதியாகக் கொண்டாடுவதில்லை.

சில வருடத்துக்கு முன் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு கிராமத்தில் சின்ன நாடகம் ஒன்று போட்டோம். காணாமல் போன மகனைத் தேடும் தாய். கடைசிக் காட்சியில் அவள் விளக்கைத் தணிக்கக் கை வைக்கிறாள், படலைக்கு வெளியே சைக்கிள் மணி ஒரு தரம் அடிக்கிறது, இருட்டு. எனக்கு என் முடிவில் பெருமை. நாடகம் முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு அம்மா வந்தார். 'தம்பி, சைக்கிள்ல வந்தது ஆர்?' என்றார். 'அதை நீங்களே நினைச்சுக்கொள்ளுங்கோ அம்மா' என்றேன், படிப்பித்துப் படிப்பித்துப் பழகிய வாய். அவர் கொஞ்ச நேரம் நின்றார். 'நாங்கள் ஒவ்வொரு நாளும் அதைத்தானே மோனை நினைக்கிறம். இஞ்சையும் எங்களையோ நினைக்கச் சொல்லுறீர்?' என்றுவிட்டுப் போனார். அந்த நாடகத்தை அதற்குப் பிறகு இரண்டு இடத்தில் போட்டோம். ஓரிடத்தில் மகன் வந்தான். மற்ற இடத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளை அரிசி கடன் கேட்டு வந்தது, தாய் சுளகில் அளந்து கொடுத்தாள். மகன் வந்தது பொய் மாதிரி இருந்தது. அரிசி கொடுத்தது பரவாயில்லை. திறந்த முடிவு கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பார்க்க வந்தவர் வீட்டில் ஏற்கெனவே எத்தனை கதவு திறந்து கிடக்கிறது என்று தெரியாமல் போடக்கூடாது என்று மட்டும் இப்போது நினைக்கிறேன். இதில் நான் சொல்வதுதான் சரி என்று அடம்பிடிக்கமாட்டேன்.

இனி உங்கள் விஷயம், தம்பி. த்ரோன்ஸில் உங்கள் கோபம் நியாயம், கூட்டாளியிடம் வற்றாப்பளைக் கதையைச் சொல்லுங்கள். ஆனால் ரெட் டெட் 2-ல் நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்பது என் எண்ணம். ஆர்தரின் சாவு விளைவு. சயரோகம் பிடித்து இருமத் தொடங்கிய நாளிலிருந்து அந்தக் கதிர் கண்முன்னால் முற்றிக்கொண்டு வந்தது. நல்லவனாக நடந்திருந்தால் சூரியன் உதிப்பதைப் பார்த்தபடி போவான், கெட்டவனாக நடந்திருந்தால் கூட இருந்தே துரோகம் செய்த மைக்காவின் கையால் போவான். நீங்கள் நடத்திய நடத்தைக்கு ஏற்ற சாவு, அதில் ஏமாற்று இல்லை. அதற்குப் பிறகு கதை எட்டு வருடம் தள்ளிப் போய், ஆர்தர் தப்ப வைத்த கூட்டாளி ஜோன் மார்ஸ்ரனை உங்கள் கையில் தருகிறது. பண்ணையில் சாணம் அள்ளவேண்டும், பால் கறக்கவேண்டும், வேலி போடவேண்டும். பிறகு காணி வாங்கி, மரம் இறக்கி, கூட்டாளிகளோடு சேர்ந்து வீடு கட்டவேண்டும். ஆர்தர் உயிரைக் கொடுத்து வாங்கிக்கொடுத்த வாழ்க்கை என்ன நிறம் என்று உங்கள் கையாலேயே தொட்டுப் பார்க்க வைக்கிறார்கள். நீங்கள் கேமை மூடியது, அடுப்பில் உலை கொதிக்கும்போது.

அக்காவின் மகனும் முதல்முறை இதே இடத்தில் 'போர் அடிக்குது மாமா' என்று கொன்ட்ரோலரை வைத்துவிட்டான். நான்தான் விடாமல் அள்ளச் சொன்னேன், எனக்கு மாடு பார்க்க ஆசை. வீட்டுக்குக் கூரை ஏறிய அன்றைக்கு ஒன்றும் பேசாமல் இருந்தான். கேமில் நீங்கள் விட்ட இடத்தின் சேமிப்பு அழியாமல் இருந்தால் திரும்பப் போய்ப் பாருங்கள், இன்னும் சில மணித்தியாலம் எடுக்கும். மைக்கா எங்கும் போகவில்லை, கடைசியில் பனிமலையில் இருப்பான். பெயர்ப்பட்டியல் ஓடும்போது எழும்பிவிடாதீர்கள், அதற்குள்ளும் ஆட்கள் வருகிறார்கள். எல்லாம் முடித்த பிறகும் அதே கோபம் இருந்தால் திரும்ப எழுதுங்கள், நான் சொன்னதில் எங்கே ஓட்டை என்று பார்ப்போம்.